கவுன்சிலரை மாற்றத் தயங்குகிறவர்களுக்கு

மனசு சரியில்லை என்று ஒருவரைத் தேடிப் போவதற்கே நம்ம பக்கத்தில் பெரிய தைரியம் வேண்டும். அப்படிப் போய் உள்ளதையெல்லாம் கொட்டி, காசும் கட்டிய பிறகு, இவர் நமக்குச் சரிப்படவில்லை என்று தோன்றினால் என்ன செய்வது, எப்படி வெளியே வருவது, வந்த பிறகு எங்கே போவது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. நான் அம்பாசமுத்திரத்தில், நாங்கள் அம்பை என்று சொல்லும் ஊரில், ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சரிப்படாத ஒருவரிடம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போய்க்கொண்டிருந்தேன். போக்குவரத்து, லீவு எடுத்ததில் பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் பக்கம் போயிருக்கும். பணம் கூடப் பரவாயில்லை, சிகிச்சை என்று நம்பிப் போன அந்த ஒரு வருஷத்தில் என் நிலைமை படிப்படியாக மோசமானதுதான் இன்னும் ஆறவில்லை. இதே நிலையில் இப்போது இருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா தவறிய சில மாதங்களில் இது ஆரம்பித்தது. ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து, டவுன் பஸ் ஏறி பாளையங்கோட்டை போய்க்கொண்டிருந்தேன். சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டன. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, விரலெல்லாம் மரத்து, மூச்சு முட்டி, இந்த பஸ்ஸிலேயே செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாமே சரியாக இருந்தது. பிறகும் இரண்டு மூன்று முறை அப்படியே வந்ததும் டாக்டர் இது பேனிக், அதாவது திடீர் திடீரென்று வரும் பீதி நோய் என்று சொல்லி ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே பேச்சு சிகிச்சையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். யாரிடம் என்று சொல்லவில்லை. மதினிக்குத் தெரிந்த ஒரு மேடம் கவுன்சிலிங் சென்டர் வைத்திருந்தார், நல்லா பேசுவாங்க என்று மதினியே போன் பண்ணி நேரமும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அக்கறையில் செய்தது, அதில் எனக்குக் குறையே கிடையாது.

முதல் நாள் அழுதுகொண்டே பேசினேன், திரும்பி வரும்போது உடம்பே லேசாக இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் அடக்கி வைத்ததை யாரிடம் சொன்னாலும் முதல் நாள் லேசாகத்தான் இருக்கும். அதை வைத்து இவர் திறமையானவர் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த நிம்மதியில் இருக்கும்போதே, தனித்தனியாக வந்தால் அமர்வுக்கு ஆயிரத்து இருநூறு, இருபதுக்கும் சேர்த்துக் கட்டினால் இருபதாயிரம் என்று சொன்னார்கள், கட்டினேன். என்னைக் கேட்டால், முதல் மூன்று நான்கு அமர்வு வரைக்கும் அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கட்டிவிட்டால் பிடிக்காத இடத்துக்கும் பணத்துக்காகப் போய்க்கொண்டிருப்போம், எனக்கு நடந்தது அதுதான்.

இரண்டாம் தடவை போனபோது மேடம் கேட்ட முதல் கேள்வி, "அம்பையில நீங்க எந்தத் தெரு?" நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சொன்னேன். அப்புறம் பேச்சில், "உங்க ஆட்கள்ல பொம்பளைகளுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சாதாரணமாக ஒரு வார்த்தை. என் கோபத்தைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி. குடும்பம், வேலை, வளர்ந்த விதம் இதெல்லாம் ஒரு தெரபிஸ்ட் கேட்கத்தான் செய்வார், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பதிலை வைத்து நம்மை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டால், அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் அவர் காதில் விழாது. அந்த நாளிலிருந்து நான் அங்கே வார்த்தைகளை எண்ணி எண்ணித்தான் பேசினேன். கவுன்சிலிங்குக்குப் போகும் வழியிலேயே "இன்னைக்கு இதைச் சொல்லக் கூடாது" என்று ஒத்திகை பார்க்கிற நிலை வந்துவிட்டால், அது ஒரு பலமான அறிகுறி.

மற்றது எல்லாம் மெல்ல மெல்ல வந்தது. நடுவில் போன் எடுத்துப் பேசுவார்கள். தன் மருமகள் கதையைச் சொல்வார்கள், நான் ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார் என்றதும், புருஷனோடு போய் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், பெண்கள் அனுசரித்துப் போகணும் என்று தீர்ப்பு. எனக்கு வந்தது பேனிக், அதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் உருப்படியாகப் பேசவே இல்லை. "பஸ்லதானே வருது, பஸ்ஸைத் தவிர்த்துருங்க" என்றார்கள். சரி என்று பஸ்ஸை விட்டேன். அப்புறம் ரயிலிலும் பயம் வந்தது, ரயிலை விட்டேன். அப்புறம் கல்யாண மண்டபம், பஜார், கோயில் கூட்டம். கடைசியில் பள்ளிக்கூடமும் வீடும்தான் மிச்சம். அவர்களிடம் போவதற்கே ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று, அதுவும் செலவுக் கணக்கில்தான் சேர்ந்தது. பேனிக்கில் பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்க, "நல்லவேளை போகல, போயிருந்தா செத்திருப்போம்" என்று மனசு நம்பிக்கொள்ளும், பயம் அடுத்த இடத்துக்குப் பரவும். இது இந்த நோயில் அரிச்சுவடிப் பாடம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். நல்ல சிகிச்சையும் கஷ்டமாகத்தான் இருக்கும். மறந்துவிட நினைத்ததைப் பேச வைப்பார்கள், பயந்ததைச் செய்ய வைப்பார்கள், சில நாள் அடித்துப் போட்ட மாதிரி வீட்டுக்கு வருவோம். அதனால் ஒரு நாள் கஷ்டமாக இருந்தது என்பதற்காக விட்டுவிட்டு ஓடக் கூடாது. நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இது: கஷ்டம் எதனால் வருகிறது? நான் பேசுகிற விஷயத்தால் வருகிறது, அவர் கூடவே நிற்கிறார், ஏன் இதைச் செய்கிறோம் என்று சொல்கிறார், வேண்டாம் என்றால் நிறுத்துகிறார் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் என்னை மட்டம் தட்டுவதால், என் மேல் தீர்ப்பு சொல்வதால், சொன்னதை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்பதால் வருகிறது என்றால் அது சிகிச்சையின் கஷ்டம் இல்லை. இன்னொன்றும் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் போன பிறகு "எதற்காக வந்தேன், அது கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா, அடுத்து என்ன செய்யப் போகிறோம்" என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்க வேண்டும். துக்கம், சின்ன வயசுக் காயம் போன்றவற்றுக்கு நாளாகும். பேனிக்குக்கு உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பயப்படும் எண்ணத்தையும் தவிர்க்கும் பழக்கத்தையும் மாற்றுகிற பேச்சு சிகிச்சை, வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் ஒரு வழிக்கு வந்துவிடக் கூடியது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் ஆபத்தானது. "இதெல்லாம் பழக்கமாயிரும், நிப்பாட்டிருங்க, நான் இருக்கேன்லா" என்று மேடம் சொன்னார்கள். அவர்கள் டாக்டர் இல்லை. அவர்கள் பேச்சை நம்பி மாத்திரை ஒரேயடியாக நின்றது. இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்தது போல வெட்டு வெட்டென்று ஒரு உணர்வு, காரணமில்லாத எரிச்சல், தூக்கமே இல்லை. மேடத்திடம் சொன்னால், "உள்ள இருக்கிறது வெளிய வருது, நல்லதுதான்" என்றார்கள். உண்மையில் அந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வரக்கூடிய தொந்தரவுதான் அது, டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோனாசெபாம் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். ஆகவே டாக்டர் அல்லாத யாராவது, எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து என்று சொன்னால் அன்றைக்கே எழுதிக் கொடுத்த டாக்டரைப் போய்ப் பாருங்கள். அப்படிச் சொன்னவரிடம் திரும்பப் போக வேண்டாம்.

அதற்கும் மேல் நான் முடிவெடுத்தது ஒரு போன் பேச்சில். அப்பா வீட்டை எழுதி வைத்த விதத்தில் அண்ணன் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை நான் உலகத்தில் ஒரே ஒரு அறையில்தான் சொல்லியிருந்தேன். மதினி ஒரு நாள் பேச்சுவாக்கில், "உங்கண்ணன் மேல உனக்கு இம்புட்டு வருத்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார்கள். கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. மேடம் நல்லெண்ணத்தில், குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறோம் என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அது துரோகம்தான், நான் அப்படித்தான் சொல்வேன். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சையில் சொன்னது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை நம் உரிமையாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. அண்ணன் தங்கை மனவருத்தம் அதில் வராது. நம்ம ஊர்களில் யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகவோ தெரிந்தவராகவோ இருப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன், சொந்தக்காரர்களுக்குப் பழக்கமான ஆளிடம் கவுன்சிலிங் போகாதீர்கள். கொஞ்சம் தள்ளியிருக்கிற ஊரில் நம்மை யாரென்றே தெரியாத ஒருவர் கிடைத்தால் ரொம்ப நல்லது.

எப்படி விலகுவது? சின்னச் சின்னக் குறையாக இருந்தால் முதலில் நேரிலேயே சொல்லிப் பார்க்கலாம், சொல்லத்தான் வேண்டும். "மேடம், இன்னைக்கு நான் வந்த விஷயத்தைப் பத்திப் பேசவே இல்லை", "நீங்க போன தடவை சொன்னது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று சொன்னால் போதும். நல்ல தெரபிஸ்ட் அதைக் கேட்டுக்கொள்வார், என்ன நடந்தது என்று விசாரிப்பார், மாற்றிக்கொள்வார். சில சமயம் அப்படிப் பேசிய நாளிலிருந்துதான் சிகிச்சையே பிடிபடும் என்கிறார்கள். நான் ஒரு தடவை சொன்னபோது கிடைத்த பதில், "நீங்க எதையும் ஏத்துக்கிறதே இல்ல, அதுதான் உங்க வியாதி." சரி, அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. ஆனால் தொடக் கூடாத விதத்தில் தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, கடன் கேட்பது, மிரட்டுவது இதெல்லாம் நடந்தால் பேசிப் பார்க்கிற வேலையே வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள். விடைபெறுவதற்கென்று ஒரு தடவை போக வேண்டிய கடமையும் கிடையாது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கட்டுன பணம் போனா போவுது, முதல்ல நீ வெளிய வா" என்றார். நேரில் போனால் பேசியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று தெரியும், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதினேன். அதை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "வணக்கம் மேடம். கவுன்சிலிங்கை இனி தொடரப் போவதில்லை. அடுத்து குறித்திருந்த நேரத்தை ரத்து செய்துவிடுங்கள். வராத அமர்வுகளுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். நான் சொன்ன எதையும் என் குடும்பத்தார் உட்பட யாரிடமும் பகிர வேண்டாம். நன்றி." காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் அதை வைத்து வாதம் தொடங்கும். உடனே போன் வந்தது, எடுக்கவில்லை. பிறகு குரல் பதிவு வந்தது, இப்போது நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுவீர்கள், வேறு யாராலும் உங்களைச் சரிபண்ண முடியாது என்று. அதைக் கேட்டு அன்று இரவு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன், உண்மையாக இருந்துவிடுமோ என்று. யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால், அது பயமுறுத்தல். விலகுகிறேன் என்றால் அடுத்து யாரிடம் போகலாம் என்று வழி சொல்வதுதான் ஒரு தெரபிஸ்ட் செய்ய வேண்டியது.

பணத்துக்கு இரண்டாவதாக ஒரு செய்தி, தேதி, கட்டிய தொகை, போன அமர்வுகள், மீதி என்று கணக்குப் போட்டு அனுப்பினேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லப் போவதாகவும் எழுதினேன். மீதியில் பாதிதான் வந்தது. அதோடு விட்டுவிட்டேன், எனக்கு அப்போது அதற்குமேல் தெம்பில்லை. தெம்பிருப்பவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எதற்கும் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூகுள் பே பதிவாவது இருக்கட்டும்.

விலகின பிறகு அடுத்தவர் கிடைக்கும் வரை உள்ள இடைவெளிதான் பயங்கரமாக இருந்தது. முடிந்தால் அடுத்த இடத்தில் நேரம் வாங்கிவிட்டு விலகுங்கள். முடியாவிட்டால் 14416 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஒரு ராத்திரி நான் அதில் பேசித்தான் விடியும்வரை இருந்தேன். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் எந்தக் கவுன்சிலருக்காகவும் காத்திருக்காமல் உடனே அதில் கூப்பிடுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் போனது ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மனநல வார்டு என்றால் நமக்கெல்லாம் ஒரு பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. போய்ப் பார்த்தால் என்னைப் போலத் தூக்கமில்லாதவர்கள், பரீட்சைப் பயத்தில் இருந்த பிள்ளைகள், குடியை விட வந்தவர்கள், குழந்தை பிறந்த பிறகு மனசு உடைந்த பெண்கள் என்று சாதாரண மனுஷர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும். என் கதையை முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லாமல் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன்: எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை, எவ்வளவு நாள், எப்போது நின்றது, போன இடத்தில் எது ஒத்துவரவில்லை. டாக்டர் அதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கினார், பேச்சு சிகிச்சைக்கு மதுரையில் இருக்கும் ஒரு சிகிச்சை உளவியலாளரை (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) சொன்னார். வீடியோவில்தான், ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய், ஐம்பது நிமிஷம். வீட்டில் தனியாகப் பேச இடமில்லை, தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து ஹெட்போன் போட்டுக்கொண்டு பேசினேன்.

இந்தத் தடவை பணம் கட்டுவதற்கு முன் கேள்விகளைக் கேட்டேன். என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன? சிகிச்சை உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கும், அந்தப் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். கவுன்சிலர் என்று போர்டு மாட்டுகிற எல்லோருக்கும் இது இருக்காது, சில மாத டிப்ளமோவோடு தொடங்கியவர்களும் உண்டு, முறையாக உளவியலோ மனநல சமூகப்பணியோ முதுகலை படித்து நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு, அதனால் படிப்பையும் பயிற்சியையும் கேட்டுவிடுவதே நல்லது. பேனிக் உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, எப்படிச் செய்வீர்கள், நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள், எனக்குச் சரிப்படாவிட்டால் என்ன செய்யலாம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "சொல்லுங்க, வேற ஆள் நானே பார்த்துத் தர்றேன்" என்றார். இப்படிக் கேட்டதற்கே கோபப்படுகிறவர் என்றால் அந்தப் போனோடு விட்டுவிடலாம்.

அவர் முதலில் செய்தது, அந்தப் படபடப்பு உச்சத்துக்குப் போய்ப் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் தானாக இறங்கத் தொடங்கும், அதனால் யாரும் சாவதில்லை என்று படம் போட்டு விளக்கியதுதான். அப்புறம் ஒரு பட்டியல், குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரை. முதலில் நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்குவது, பிறகு கல்லிடைக்குறிச்சி வரைக்கும், பிறகு வீரவநல்லூர், பிறகு சேரன்மகாதேவி. கடைசியில் ஜங்ஷனிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பாளை பஸ் ஸ்டாண்ட். மேடத்திடம் பட்டதைவிட இது பல மடங்கு கஷ்டம், வேர்த்து நனைந்துபோய் இறங்கியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படியும் ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது, எப்போது அடுத்ததுக்குப் போவது என்பதை நான்தான் சொன்னேன். அப்பாவைப் பற்றி அழுவதற்கும் அங்கே இடமிருந்தது.

மதினியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது, சிபாரிசு செய்தவர்கள் மனசு நோகுமே என்று பலர் இதற்காகவே விலகாமல் இருக்கிறார்கள். "எனக்கு ஒத்துவரல மதினி, டாக்டர் வேற ஆள் சொல்லியிருக்காவ, அங்க போறேன்" என்றேன். அதோடு முடிந்தது, வேறு எதுவும் கேட்கவில்லை. மேடத்தைப் பற்றி அவர்களிடம் குறை சொல்லிக்கொண்டிருக்க அவசியம் வரவில்லை. ஆனால் சில மாதம் கழித்து அவர்கள் தங்கை மகளுக்கு வேண்டும் என்று கேட்டபோது, ரகசியம் வெளியே போனதையும் மாத்திரை விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் காசு கட்டி வெளியே பார்க்க வசதியில்லை. ஐகிரவுண்டுக்குத்தான் போகச் சொன்னேன், அங்கே கட்டணம் கிடையாது, மாத்திரையும் இலவசம். அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துக்கொள்ளலாம். அரசு ஆஸ்பத்திரியாக இருந்தாலும், ஒரு டாக்டரிடம் பேச முடியவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாமா என்று கேட்கலாம். அவளும் கேட்டாள், அடுத்த வாரம் ஒரு லேடி டாக்டர் இருக்கிற நாளில் வரச் சொன்னார்கள்.